கையே வைக்காமல் குட்டி வேண்டும்: ஒரு மூன்றடித் தொட்டியின் கதை

பெரியப்பா ஐ.சி.எஃப்.பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெரம்பூரில் சொந்த வீடு. ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. அங்கே மீன் தொட்டி வைக்கலாம் என்று அவருக்குத் தோன்றியதும் என்னைக் கூப்பிட்டார். எங்கள் குடும்பத்தில் மீன் வளர்க்கிற பைத்தியம் நான் ஒருவன்தான்.

"சும்மா சுத்திக்கிட்டு இருக்கிற மீன் எனக்கு வேண்டாம்டா. குட்டி போடணும், அது வளரணும், அதைப் பார்க்கணும். ஆனா நான் ஒண்ணும் பண்ண மாட்டேன்."

அந்த "ஒண்ணும் பண்ண மாட்டேன்" என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ள எனக்கு ஒன்றரை வருடம் ஆனது.

அவருடைய நிபந்தனைகளை அன்றைக்கே ஒரு காகிதத்தில் எழுதி வைத்தேன். தாய் மீனைத் தனியாகப் பிரிக்கும் பெட்டி கூடாது. குஞ்சுக்கென்று இரண்டாவது தொட்டி கூடாது. குஞ்சுத் தீனிக்காக ஆர்டீமியா என்ற நுண் இறாலின் முட்டையைப் பொரிக்கவைத்துப் போடுகிற வேலையெல்லாம் கிடையாது. காலை, மாலை தீனி போடுவார். வாரத்துக்கு ஒருநாள் இரண்டு வாளி தண்ணீர் மாற்றுவார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கோயம்புத்தூரில் மகள் வீட்டில் பத்து நாள் தங்குவார், பெரியம்மாவும் கூடப் போவார். அந்தப் பத்து நாளும் தீனி போட ஆள் கிடையாது.

தொட்டி 3 அடி நீளம், 1 அடி அகலம், 1¼ அடி உயரம். கல், மணல் போக நூறு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர் பிடிக்கும். ஏர் பம்ப்பில் ஓடும் இரண்டு ஸ்பாஞ்ச் ஃபில்டர். தண்ணீர் வீட்டு போரிலிருந்து வருவது; கரைந்திருக்கும் உப்புகளின் அளவான டிடிஎஸ் 900க்கு மேல், புளிப்பா காரமா என்று காட்டும் பிஹெச் 8ஐ ஒட்டி. பாத்திரத்தில் கொதிக்கவைத்தால் அடியில் வெள்ளையாகப் படியும், அந்த ரகம். மே மாதம் மதியம் ஹாலில் தொட்டித் தண்ணீர் 32 டிகிரியைத் தொட்டது. இந்த மூன்று எண்களையும் மீன் வாங்குவதற்கு முன்னால் எடுத்திருக்க வேண்டும். நான் எடுத்தது அப்புறம்தான்.

முதல் மூன்று மாதம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை கொளத்தூர் போனோம். பெரம்பூரிலிருந்து பக்கம்தான். நாட்டிலேயே பெரிய வண்ணமீன் சந்தைகளில் ஒன்று அது. தெருவில் கடைகள் இருக்கும், அதைவிட அதிகமாக வீடுகளின் பின்கட்டிலும் மாடியிலும் சிமெண்ட் தொட்டிகள் இருக்கும். அங்கே போய் மீன் வாங்காமல் திரும்பிய மனிதரை நான் பார்த்ததில்லை. ஒரு கடையில் பெரியப்பா தன் நிபந்தனையைச் சொன்னார். கடைக்காரர் யோசிக்கவே இல்லை. பத்து கப்பி, ஆறு பிளாட்டி, பார்வைக்கு ஆறு நியான் டெட்ரா, அழகுக்கு ஒரு ஜோடி ஏஞ்சல். நானும் பக்கத்தில் நின்றுகொண்டு தலையாட்டினேன். அதை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

நியான்களில் மூன்று, இரண்டு வாரத்துக்குள் போய்விட்டன. அமேசான் பக்கத்து மென்மையான, லேசாகப் புளித்த தண்ணீரின் மீன் அது. நம் போர் தண்ணீரில் சில சமயம் பிழைத்துக் கிடக்கும். ஆனால் முட்டை போட்டாலும் இவ்வளவு சுண்ணாம்பு உள்ள தண்ணீரில் அது சரியாகக் கரு வளர்க்காது.

மூன்று மாதம் ஆயிற்று. ஒரு குட்டியும் இல்லை. "கடைக்காரன் மலட்டு மீனைக் கட்டி அனுப்பிட்டான்" என்று பெரியப்பா முடிவுக்கே வந்துவிட்டார்.

கப்பி குட்டி போடாமல் இருப்பது என்பது கிட்டத்தட்ட நடக்காத காரியம். தென் அமெரிக்காவின் வடகிழக்கு ஓரத்திலும் டிரினிடாட் தீவிலும் ஓடைகளில் வாழும் மீன் அது. அந்தத் தீவிலிருந்து லண்டனுக்கு மாதிரிகள் அனுப்பிய ராபர்ட் ஜான் லெச்மியர் கப்பி என்பவரின் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. 22 முதல் 30 நாளுக்கு ஒருமுறை குட்டி போடும். கடையில் பெண் கப்பி வாங்கினால் பெரும்பாலும் அது ஏற்கெனவே சினையாகத்தான் இருக்கும்.

ஒரு சனிக்கிழமை இரவு அங்கேயே தங்கினேன். காலை ஐந்தரை மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தபோது விடை கிடைத்தது. ஒரு பிளாட்டி மூலையில் குட்டி போட்டுக்கொண்டிருந்தது. இரண்டு ஏஞ்சலும் அதன் பின்னால், பந்தியில் இலை போட்டு உட்கார்ந்தவர்களைப் போல, அசையாமல் நின்றன. விழுந்த குட்டி அடியைத் தொடவில்லை. மூன்று மாதமாக இதுதான் நடந்திருக்கிறது. பெரியப்பா எழுந்திருப்பது ஆறரைக்கு.

இங்கே நான் கற்றுக்கொண்ட முதல் விஷயம்: "இது தானாகக் குட்டி போடுமா?" என்று கேட்பதில் பாதி அர்த்தம்தான் இருக்கிறது. பெரும்பாலான தொட்டி மீன்கள், தண்ணீர் ஒத்துப்போனால், நம்மைக் கேட்காமலே முட்டையோ குட்டியோ போடும். அதை யார் தின்கிறார்கள் என்பதுதான் மீதிப் பாதி. பெட்டி, வலை, தனித் தொட்டி என்று நாம் செய்கிற வேலையெல்லாம் தின்கிற வாயிலிருந்து காப்பாற்றுகிற வேலை. அந்த வேலை வேண்டாம் என்றால், ஒன்று அந்த வாய் தொட்டியில் இருக்கக் கூடாது, அல்லது குட்டிக்கு ஒளிய இடம் இருக்க வேண்டும், அல்லது பெற்றோரே காவல் நிற்கிற மீனாக இருக்க வேண்டும். நான்காவதாக ஒரு வழி எனக்குத் தெரியவில்லை.

வெள்ளம்

ஏஞ்சல்களை என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பெரியப்பா தொட்டியில் கப்பி கிராஸ் என்று விற்கிற பாசியை மூன்று கைப்பிடி போட்டேன். வேரூன்றத் தேவையில்லை, மிதந்தபடியே மண்டும். அடியில் ஜாவா பாசி, உடைந்த ஓட்டுத் துண்டுகள். அவ்வளவுதான். பெரியப்பாவின் வேலை ஒரு நிமிடம்கூடக் கூடவில்லை.

ஐந்தாவது வாரம் முதல் குட்டிகள் பாசிக்கு வெளியே வந்தன. அவர் எனக்கு அனுப்பிய புகைப்படங்களை இன்னும் வைத்திருக்கிறேன். எல்லாவற்றிலும் கண்ணாடியில் அவருடைய வேட்டியின் பிம்பம்தான் தெளிவாகத் தெரியும். நான்காவது மாத முடிவில் ஒரு படத்தைப் பெரிதாக்கி எண்ணினேன். 140 வரை வந்து விட்டுவிட்டேன். கணக்கு எளிது. பெண் மீன் எட்டு. ஒவ்வொன்றும் மாதம் இருபது போட்டு அதில் கால்வாசி பிழைத்தாலும் மாதம் நாற்பது. முதல் ஈட்டுப் பெண் குட்டிகள் மூன்று மாதத்தில் தாங்களே தாயாகிவிடும்.

பெரியப்பாவுக்கு ஒரே சந்தோஷம். எனக்கும்தான். அந்தச் சந்தோஷத்தில் நான் கவனிக்காமல் விட்டதை மே மாதம் கவனிக்க வைத்தது.

ஓர் இரவு ஒரு மணிக்குத் தெருவில் டிரான்ஸ்ஃபார்மர் போய், காலை ஆறு மணிக்குத்தான் மின்சாரம் வந்தது. ஏர் பம்ப் ஐந்து மணி நேரம் நின்றுவிட்டது. காலையில் பெரியம்மா வடிகட்டியால் அள்ளியது அறுபதுக்கு மேல்.

இந்தச் சாவுக்கு மின்வெட்டை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. 25 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று அதிகமாக ஆக்சிஜன் பிடிக்கும். 32 டிகிரியில் அது 7.3 அளவுக்கு இறங்கிவிடும். அதே சமயம் சூட்டில் மீனுக்கு மூச்சு அதிகம் தேவை. இரவில் பாசியும் ஆக்சிஜனைக் கொடுக்காது, தன் பங்குக்கு எடுத்துக்கொள்ளும். இதில் அம்மோனியாவும் சேர்கிறது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவில் விஷமான பகுதி, பிஹெச் 7 தண்ணீரில் இருப்பதைப்போல் பிஹெச் 8 தண்ணீரில் சுமார் பத்து மடங்கு இருக்கும், சூடு ஏற ஏற இன்னும் கூடும். முப்பது மீன் இருந்த தொட்டியாக இருந்தால் அந்த ஐந்து மணி நேரத்தைத் தாண்டியிருக்கும். நூறு லிட்டரில் இருநூறு உயிர் என்பது முழுக்க என் தவறு. பெருக்குகிற வழியைச் சொல்லிக்கொடுத்தேன், நிறுத்துகிற வழியைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

சரி, நிறுத்துவோம் என்று ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து ஆண் கப்பிகளையெல்லாம் பிடித்து எடுத்துவந்தேன். பெண்கள் மட்டும் மிச்சம். அடுத்த மாதம் குட்டி. அதற்கடுத்த மாதமும் குட்டி. "என்னடா, ஆண் இல்லாமலே?" என்று பெரியப்பா சந்தேகமாகக் கேட்டார். பெண் கப்பி ஒருமுறை கூடினால் அந்த விந்தைப் பல மாதம் உடம்பிலேயே சேமித்து வைத்து, ஈட்டுக்கு ஈடு அதைப் பயன்படுத்தும். இது எனக்குத் தெரிந்த விஷயம்தான். அன்றைக்கு ஏன் ஞாபகம் வரவில்லை என்று தெரியவில்லை.

மிஞ்சியதைக் கொளத்தூரில் கொடுக்கலாம் என்று பார்த்தால், நிறம் கலந்த மிக்ஸ் கப்பிக்குப் பெரிதாக விலை இல்லை. ஒரு கடையில் வாங்கிக்கொண்டு ஒரு பாக்கெட் தீனி கொடுத்தார்கள். தெருக் குழந்தைகள் பாட்டிலில் எடுத்துப் போனார்கள். ஒருவர் நல்லெண்ணத்தில், "ஏரியில விட்டுடுங்க சார், கொசுவைத் தின்னும்" என்றார். அதை மட்டும் செய்யக் கூடாது. கொசுவுக்காகக் கொண்டுவந்த கம்பூசியாவும் கப்பியும் கொசுப்புழுவை மட்டும் தின்று திருப்திப்படுவதில்லை. நம்மூர்ச் சிறு மீன்களின் குஞ்சையும் தவளைத் தலைப்பிரட்டையையும் சேர்த்தே தின்னும். யாரோ தொட்டியிலிருந்து கொட்டிய சக்கர் மீன் இன்றைக்கு நம் ஏரிகளில் வலை வீசுகிறவர்களுக்குத் தலைவலியாக இருப்பதும் இந்த நல்லெண்ணக் கணக்கில்தான்.

காகிதத்தில் மறுபடி

ஆடி மாதம் முதலிலிருந்து ஆரம்பித்தோம். இந்தமுறை கடைக்குப் போவதற்கு முன்னால் உட்கார்ந்து பேசினோம். பழைய காகிதத்தில் பெரியப்பா சொல்லாத ஒரு நிபந்தனையையும் சேர்த்தேன்: ஒரு கட்டத்தில் தானாக நிற்க வேண்டும்.

"சுலபமாக முட்டை போடும் மீன்" என்று எங்கே கேட்டாலும் முதலில் வரும் பெயர்களில் ஒன்று ஒயிட் கிளவுட். சீனாவில் குவாங்சோ பக்கம் இருக்கும் வெள்ளை மேக மலையில் 1932ல் டான் கம் ஃபெய் என்ற சாரணர் தலைவர் கண்டெடுத்த மீன். உண்மையிலேயே அருமையான தேர்வு. முட்டையை அள்ளித் தின்னாது, பாசி இருந்தால் குஞ்சு தானாக வளரும். ஆனால் மலை ஓடை மீன். 20 டிகிரிக்கு அக்கம்பக்கத்தில்தான் அதற்குச் சுகம். ஊட்டியில் இருப்பவர்களுக்குச் சொல்லலாம். பெரம்பூர் மே மாதத்தில் அதைப் போடுவது வதைப்பது. குளிர்நாட்டில் எழுதிய பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டால் இதுதான் நடக்கும்.

ஃபைட்டர்? ஆண் மீன் எச்சில் குமிழியில் கூடு கட்டி முட்டையைக் காக்கும், அந்தக் காட்சிக்கு ஈடு இல்லை. ஆனால் குஞ்சு கண்ணுக்கே தெரியாத அளவு சிறியது, முதல் வாரத்துக்கு நுண்ணுயிர்த் தீனி வேண்டும். வளர்ந்ததும் ஆண்கள் ஒன்றையொன்று கிழிக்கும், ஒவ்வொன்றையும் தனிப் பாட்டிலில் போட வேண்டும். கொளத்தூரில் காலி குவார்ட்டர் பாட்டில்கள் வரிசை வரிசையாக ஃபைட்டரோடு நிற்பதைப் பார்த்தவர்களுக்குப் புரியும். அது முழுநேர வேலை.

ஏஞ்சலே பெற்றோர் காவல் நிற்கும் இனம்தானே என்று பெரியப்பா படித்துவிட்டு வந்து கேட்டார். நல்ல கேள்வி. காட்டு ஏஞ்சல் நிற்கும். ஆனால் பண்ணையில் தலைமுறை தலைமுறையாக முட்டை ஒட்டிய பலகையைத் தனியே எடுத்துத்தான் பொரிக்க வைக்கிறார்கள். அதனால் முட்டையைத் தின்கிற ஜோடிக்கும் வாரிசு கிடைத்துவிடுகிறது. இப்படிப் பல தலைமுறை போனபின் நம் கைக்கு வரும் ஏஞ்சலிடம் பெற்றோர் குணத்தை நம்ப முடியாது.

எண்ட்லரை ஒரு நாள் முழுக்க யோசித்தேன். வெனிசுவேலாவின் குமானாப் பக்கத்துக் கப்பியின் சின்ன உறவு. 1975ல் ஜான் எண்ட்லர் மறுபடி கண்டெடுத்ததால் அந்தப் பெயர். குட்டியைத் தின்பது கப்பியைவிடக் குறைவு. அதாவது என் பிரச்சினை இன்னும் பெரிதாகும். வேண்டாம்.

மனதுக்குப் பிடித்தது ஆரஞ்சு குரோமைடு. தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தமான மீன், நம் பழவேற்காட்டிலும் உண்டு. கடின நீர், உப்பு நீர், சூடு எதற்கும் அசராது. ஜோடி சேர்ந்து கல்லில் முட்டை ஒட்டி, இரண்டும் மாறி மாறி விசிறும். குஞ்சு வெளியே வந்தபின் பெற்றோரின் உடம்பில் ஊறும் வழுவழுப்பையே கொத்தித் தின்னும். இதைவிட என்ன வேண்டும்? பிரச்சினை ஒன்றுதான். முட்டை போட்டபின் மூன்றடித் தொட்டி முழுவதும் அந்த ஒரு ஜோடியுடையது. வளர்ந்த பிள்ளைகளையும் துரத்தும். அவற்றைப் பிடித்து எடுக்கத்தான் வேண்டும். பெரியப்பா வலையைத் தொட மாட்டார். நம் மண்ணின் இந்த மீன் கடைகளில் ஓரமாகவே கிடப்பது எனக்கு வருத்தம்தான், ஆனால் இந்த வீட்டுக்கு அது இல்லை. கன்விக்ட் சிக்லிட் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அது வாளியில் விட்டாலும் குஞ்சு பொரிக்கும், கூட இருக்கும் எல்லாவற்றையும் கொல்லும்.

நத்தைக் கூடு

கடைசியில் வந்து நின்றது மல்டி. ஆப்பிரிக்காவின் டாங்கனிக்கா ஏரியில், செத்த நத்தைகளின் கூடுகளுக்குள் குடியிருக்கும் மீன். ஏஞ்சலும் குரோமைடும் சேர்ந்த சிக்லிட் குடும்பத்தில், உலகத்திலேயே மிகச் சிறிய மீன்களில் ஒன்று. ஆண் சுமார் 4 சென்டிமீட்டர் நீளம், பெண் இன்னும் சிறிது. அந்த ஏரித் தண்ணீர் சுண்ணாம்பு நிறைந்தது, பிஹெச் 8க்கு மேல். எந்தப் போர் தண்ணீரைப் பார்த்து நான் மூன்று மாதம் முகம் சுளித்தேனோ அதுவே இதற்கு ஊர்த் தண்ணீர் மாதிரி.

பெண் கூட்டுக்குள்ளேயே முட்டை போடும். குஞ்சு அங்கேயே பொரித்து, வாசலில் நின்று, தாய் மிரண்டால் உள்ளே ஓடும். தாய் தந்தை தின்பதில்லை. முக்கியமாக, வளர்ந்த பிள்ளைகளை இவை துரத்துவது இல்லை. மூத்த ஈடு, நடு ஈடு, நேற்றுப் பொரித்தது எல்லாம் ஒரே இடத்தில், கூட்டுக் குடும்பமாக இருக்கும். கூடு எத்தனை இருக்கிறதோ அதை ஒட்டித்தான் குடும்பமும் பெருகும்.

இரண்டு குறை. ஒன்று, விலை, சந்தையில் எப்போதும் கிடைக்காது, தெரிந்த ஒருவரிடம் எட்டுக் குட்டிகள் வாங்கினேன், அந்தப் பணத்துக்குக் கப்பி என்றால் ஒரு வாளி வரும். இரண்டு, சூடு. டாங்கனிக்கா வருடம் முழுவதும் 25, 26 டிகிரியில் நிற்கும் ஏரி. மே மாதத்துக்காக மூடியை எடுத்துவிட்டு, கம்ப்யூட்டரில் இருக்கிற மாதிரிச் சின்ன விசிறி ஒன்றைத் தண்ணீர் மேல் ஊதும்படி வைத்தேன். ஆவியாகும்போது சூடு குறையும். சென்னைப் புழுக்கத்தில் இரண்டு டிகிரிதான் இறங்கியது, அது போதுமானதாக இருந்தது. பம்ப்புக்கு பேட்டரி வைத்ததைச் சொல்லவே வேண்டாம்.

கூடுதான் சுவாரசியம். வெளிநாட்டில் இதற்கென்று கூடு விற்கிறார்கள். நான் செங்கல்பட்டுப் பக்கம் அறுவடை முடிந்த வயலில் நண்பனோடு போய், ஒரு பை நிறைய வயல் நத்தைக் கூடு பொறுக்கி வந்தேன். கொதிக்க வைத்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று உறுதி செய்து, ஒரு வாரம் ஊறவைத்தேன். பெரியம்மா அந்த வாரம் தன் சமையலறைப் பாத்திரம் எதையும் என்னிடம் தரவில்லை. தொட்டியில் இரண்டு அங்குலம் நைஸ் மணல், அதன்மேல் முப்பது கூடு. மணல் அவசியம், இவை தோண்டும் மீன்கள். நான் அழகாக அடுக்கியதையெல்லாம் இரண்டே நாளில் தங்கள் இஷ்டத்துக்குப் புதைத்து, வாசலைத் திருப்பி, நடுவில் பள்ளம் பறித்துவிட்டன.

நான்கு மாதம் எதுவும் இல்லை. வாங்கியது குட்டிகள், வளர வேண்டாமா? பெரியப்பா பழையபடி "மலடு" என்று ஆரம்பித்தார். ஐந்தாவது மாதம் ஒரு மாலை போனில் குரல் தாழ்த்திச் சொன்னார், "வாசல்ல எள்ளு மாதிரி நாலு நிக்குதுடா."

தீனிக்குத் தனியாக ஒன்றும் செய்யவில்லை. பெரிய மீன்களுக்குப் போடும் துகளை விரலால் நசுக்கிப் போடச் சொன்னேன். மணலிலும் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் படிந்திருக்கும் நுண்ணுயிர்களைக் குஞ்சுகள் நாள் முழுக்கக் கொத்திக்கொண்டிருக்கும். ஸ்பாஞ்ச் ஃபில்டரின் அருமை இதுதான், உறிஞ்சிக் கொல்லாது, கூடவே தீனித் தட்டாகவும் இருக்கும். பத்து நாள் கோயம்புத்தூர்ப் பயணத்தில் ஒன்றும் சாகவில்லை. வந்து பார்த்தபோது பள்ளம்தான் இன்னும் ஆழமாகியிருந்தது.

மாடியில் மேடக்கா

மொட்டை மாடியில் விரிசல் விட்ட 500 லிட்டர் சின்டெக்ஸ் ஒன்று கிடந்தது. அதன் அடிப்பாதியை அறுத்து, தூண் மேல் வரும் இடமாகப் பார்த்து வைத்தோம். பெரியப்பாவின் கப்பி ஏக்கத்துக்கு மருந்தாக அதில் பன்னிரண்டு மேடக்கா.

ஜப்பானின் நெல்வயல் மீன் இது. அங்கே வீட்டு வாசலில் சட்டியில் வைத்து வளர்ப்பார்கள். குளிருக்கும் வெயிலுக்கும் ஒன்றுபோலத் தாங்கும். பெண் மீன் காலையில் முட்டைக் கொத்தை வயிற்றடியில் திராட்சை மாதிரித் தொங்கவிட்டுக்கொண்டு அலைந்து, வேரிலோ பாசியிலோ தேய்த்து ஒட்டிவிடும். 1994 ஜூலையில் கொலம்பியா விண்கலத்தில் நான்கு மேடக்காக்களை அனுப்பினார்கள். எடையற்ற நிலையில் கூடி, 43 முட்டை போட்டு, அங்கேயே 8 குஞ்சு பொரித்தன. முதுகெலும்புள்ள பிராணி விண்வெளியில் கூடிக் குஞ்சு பொரித்தது அதுதான் முதல்முறை. பெரியப்பா இதை வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும், கேஸ் சிலிண்டர் போடுகிறவர் உட்பட, சொல்லிவிட்டார்.

மேலே பச்சை நிழல்வலை கட்டியபின் மதியத் தண்ணீர் 36லிருந்து 33க்கு இறங்கியது. பம்ப் கிடையாது, ஃபில்டர் கிடையாது. ஆகாயத்தாமரை இரண்டு கொத்து. தண்ணீர் ஒரு மாதத்தில் பச்சையானது, அதை மாற்றவே கூடாது என்று சொல்லிவிட்டேன். அந்தப் பச்சைதான் குஞ்சுக்கு முதல் தீனி.

முதல் இரண்டு மாதம் குஞ்சு வந்தது, ஆனால் விரல்விட்டு எண்ணும் அளவு. மேடக்கா தன் குஞ்சைத் தின்னும் மீன்தான். வாரத்துக்கு ஒருநாள் ஆகாயத்தாமரைக் கொத்தை எடுத்துப் பக்கத்தில் ஒரு பெயிண்ட் டப்பாவில் போட்டு, டப்பாவில் இருப்பதைத் தொட்டியில் போட்டால், வேரில் ஒட்டிய முட்டைகள் டப்பாவில் நிம்மதியாகப் பொரிக்கும் என்று சொன்னேன். ஆனால் அது நிபந்தனைக்கு விரோதம் என்பதையும் சொன்னேன். பெரியப்பா இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் டப்பா அங்கே இருந்தது. இப்போது மூன்று டப்பா இருக்கிறது. மார்கழியில் பகல் குறைந்தபோது முட்டையும் குறைந்தது, மாசியில் திரும்பப் பிடித்துக்கொண்டது.

டெங்கு நேரத்தில் மாநகராட்சிக் கொசு ஒழிப்புப் பணியாளர் மாடிக்கு வந்தார். பச்சைத் தண்ணீரைப் பார்த்ததும் முகம் மாறியது. கரண்டியால் அள்ளிப் பார்த்தார், ஒரு கொசுப்புழுகூட இல்லை. டப்பாக்களிலும் இல்லை. போகும்போது தன் மகனுக்கு என்று ஆறு குஞ்சு வாங்கிக்கொண்டு போனார்.

இப்போதைய நிலை

கீழ்த் தொட்டியில் மல்டி எத்தனை என்று சரியாகச் சொல்ல முடியாது. ஆள் நின்றால் பாதி கூட்டுக்குள் போய்விடும். தூரத்தில் நாற்காலி போட்டு அரை மணி நேரம் உட்கார்ந்து நான் எண்ணியது 34. அதற்கு இரண்டு மாதம் முன்னால் 31. கப்பித் தொட்டியில் இதே காலத்தில் நூறு கூடியிருக்கும். புதிய ஈடுகள் வருகின்றன, ஆனால் வரும் குஞ்சுகளில் கொஞ்சம்தான் நிற்கின்றன. மீதி என்ன ஆகிறது என்று நான் துருவவில்லை. பெரியப்பா தரப்பில் வேலை, வாரத்துக்கு நாற்பது நிமிடம். அதில் பாதி மாடி டப்பாக்களுக்கு, அதாவது அவரே இழுத்துப் போட்டுக்கொண்டது.

முதல் ஒரு வருடத்தை மிச்சம் பிடித்திருக்கலாம். கடைக்குப் போகும்முன் தண்ணீரை அளந்திருந்தால் நியான் வாங்கியிருக்க மாட்டோம். மேலாக, அவர் "குட்டி போடணும்" என்று சொன்னதை நான் எண்ணிக்கையாக எடுத்துக்கொண்டேன். அவர் கேட்டது அது இல்லை. கப்பி இருநூறாகப் பெருகியபோது அவர் தொட்டியைப் பார்ப்பது குறைந்திருந்தது, அதைப் பெரியம்மாதான் சொன்னார். ஒரே மாதிரி இருநூறு, எதைப் பார்ப்பது? மல்டி வந்தபின் நாற்காலியை டிவி பக்கத்திலிருந்து தொட்டி பக்கம் திருப்பிப் போட்டுவிட்டாராம். எந்தக் கூடு யாருடையது, எது யாரோடு வரப்புச் சண்டை, எந்தப் பெண் மூன்று நாளாக வெளியே வரவில்லை எல்லாம் தெரியும்.

போன வாரம் கூப்பிட்டார். இடதுபக்க மூலையில் இரண்டு குடும்பம் ஒரே கூட்டுக்கு அடித்துக்கொள்கிறதாம்.

"செங்கல்பட்டுப் பக்கம் போனா ரெண்டு நத்தைக் கூடு எடுத்துட்டு வா. கொஞ்சம் பெருசா."

பத்து எடுத்து வந்து என் வீட்டில் ஊறப்போட்டிருக்கிறேன். இரண்டு மட்டும்தான் கொடுக்கப் போகிறேன்.